சாம்பல் அடுக்கை எண்ணுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் ரீயூனியன் தீவின் எரிமலையான பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் சீறும் ஒவ்வொரு தடவையும் இரவில் சிவந்து ஓடும் குழம்பின் படம்தான் எல்லா ஏடுகளிலும் வருகிறது. அந்தப் படங்களையே பார்த்துப் பார்த்து, நம் மலை ஒழுகும் மலை, வெடிக்கும் மலை அல்ல என்ற எண்ணம் ரீயூனியன் தமிழர் வீடுகளிலும் ஊறிப்போய்விட்டது. அது சரியல்ல. மலையின் பெரும்பள்ளத்தைச் சுற்றியுள்ள பெல்கோம்ப் விளிம்பை ஒட்டி மீட்டர் கணக்கில் படிந்து கிடக்கும் சாம்பல் இதே மலை கக்கியதுதான். ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் நிலத்தடி நீரும் கொதிக்கும் பாறையும் சந்தித்து வெடித்ததன் எச்சம் அது.

இந்தத் தீவில் மக்கள் நிலையாகக் குடியேறியது 1663-இல். 17-ஆம் நூற்றாண்டு முதல் இதுவரை 150-க்கும் மேற்பட்ட சீற்றங்கள் பதிவாகியுள்ளன. ஆனாலும் எழுதி வைத்த வரலாறு நான்கு நூற்றாண்டைத் தாண்டாது. அதற்கு முந்தைய கதையைச் சொல்லக் குழம்புப் பாறையால் ஓரளவுதான் முடியும், ஏனென்றால் புதிய குழம்பு பழைய குழம்பை மூடிவிடுகிறது. சாம்பல் அப்படியல்ல. மேலே விழுந்தது மேலே, கீழே விழுந்தது கீழே என்று வரிசை மாறாமல் மண்ணுக்குள் இருக்கும். பிளேன் தெ காஃப்ர், லெ தாம்போன் மேட்டுப்பகுதிகளில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதும், பண்ணைக்கு நீர்த்தேக்கம் வெட்டும்போதும், சாலையை அகலப்படுத்தும்போதும் இந்த வரிசை வெளியே தெரிகிறது. சில நாளில் அதன்மேல் கான்கிரீட் ஏறிவிடுகிறது. இடையில் யாராவது பார்த்தால் கருப்புக் கோடுகளை எண்ணி, பன்னிரண்டு கோடு, பன்னிரண்டு வெடிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாணவர்களை அழைத்து வரும் ஆசிரியர்களும் இதையே சொல்லித் தருகிறார்கள். இந்தக் கணக்கு ஏன் தவறு, சரியான கணக்கை எப்படி எடுப்பது என்று சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் சுவர். வெட்டிய பள்ளத்தின் பக்கச்சுவர் சில வாரம் மழையில் நனைந்தாலே மேலிருந்து மண் வழிந்து எல்லா அடுக்கின்மீதும் ஒரு தோல் போலப் படர்ந்துவிடும். அந்தத் தோலைப் படித்தால் பொய்தான் கிடைக்கும். மண்வெட்டியால் 20 முதல் 30 செ.மீ. உள்ளே வெட்டி, பிறகு கொத்தனார் கரணையின் விளிம்பால் மேலிருந்து கீழாகச் சுரண்டிப் புது முகம் எடுக்க வேண்டும். மாதிரி எடுப்பது மட்டும் நேர்மாறு: அடியிலிருந்து தொடங்கி மேலே வர வேண்டும். மேலே கை வைத்தால் உதிர்வது கீழ் அடுக்கில் விழும். அதற்குப் பிறகு அந்தக் கீழ் அடுக்கு எதற்கும் உதவாது. ஒவ்வொரு அடுக்கிலும் 100 முதல் 200 கிராம் போதும். பையை இரட்டையாகப் போட்டு, சீட்டை இரண்டு பைகளுக்கும் நடுவே வைத்து, பென்சிலால் எழுதுங்கள். ஈரத்தில் பேனா மை கலைந்து, எந்தப் பை எந்த அடுக்கு என்று தெரியாமல் போன மாதிரிகளைக் குப்பையில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு மீட்டருக்கு மேல் செங்குத்தாக வெட்டிய சுவரின் அடியில் தனியாக நிற்க வேண்டாம். ஈரமான சாம்பல் மண் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: அடுக்கின் கனம் ஒரே இடத்தில் அல்ல, ஒரு மீட்டர் இடைவெளியில் குறைந்தது மூன்று இடங்களில், அதன் மேல்கோடும் கீழ்க்கோடும் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, கலங்கி இருக்கிறதா, துகளின் அளவு, அதில் கிடக்கும் ஐந்து பெரிய பழம்பாறைத் துண்டுகளின் விட்டம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சாம்பல், 2 முதல் 64 வரை லப்பில்லி, அதற்கு மேல் குண்டு அல்லது பாறைத்துண்டு. வானிலிருந்து விழுவது எந்த அளவானாலும் பொதுப்பெயர் தெஃப்ரா. ஐஸ்லாந்தின் சிகுர்தூர் தோரரின்சன் 1944-இல் கிரேக்கத்திலிருந்து எடுத்து வழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது.

இனி எண்ணிக்கை. ஒரே வெடிப்பு பல துடிப்பாக நடக்கும். ஒரு துடிப்பில் பருமனான துகள், அடுத்ததில் மாவு, மறுபடி பருமன் என்று ஒரே வாரத்தில் ஏழெட்டுக் கோடுகள் படியலாம். அவற்றை ஏழெட்டு வெடிப்பாக எண்ணக் கூடாது. இரண்டு அடுக்குகளுக்கு நடுவே மண் உருவாகியிருக்கிறதா என்பதே கேள்வி. பழைய வேர்த்தடம், கரித்துகள், பழுப்பேறிய நிறம், புழு துளைத்த ஓட்டை ஆகியவை இருந்தால் மலை அங்கே அமைதியாக இருந்த காலம் அது. இவை எதுவும் இல்லாமல் சாம்பல்மீது சாம்பல் நேரே உட்கார்ந்திருந்தால் இரண்டையும் ஒரே வெடிப்பாகக் கொள்வதுதான் முதல் ஊகமாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தொல்லை மழை. மலையின் மேட்டிலுள்ள ஃபோக்-ஃபோக்கில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. கொட்டியது. கொமர்சோன் பள்ளத்தருகே 2007 பிப்ரவரியில் 72 மணி நேரத்தில் 3,929 மி.மீ. இரண்டுமே உலக அளவில் பேசப்படும் பதிவுகள். இப்படிப்பட்ட மழை சரிவில் விழுந்த சாம்பலை வாரிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் கொட்டும். பள்ளத்தில் தோண்டியவருக்கு அது ஒன்றரை மீட்டர் கனமான மாபெரும் வெடிப்பாகத் தெரியும். மேட்டில் தோண்டியவருக்கு வெடிப்பே இல்லை. நம் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமான ஆந்திர மண்ணில், கர்னூல் பக்கத்து ஜ்வாலாபுரத்தில், சுமாத்திராவின் தோபா எரிமலை ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் மீட்டர் கணக்கில் கிடக்கிறது. அதில் வானிலிருந்து நேரே விழுந்தது அடியிலுள்ள சில சென்டிமீட்டர் மட்டுமே. மீதியெல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து நீர் அடித்துவந்து சேர்த்தது. மொத்தக் கனத்தையும் வான்சாம்பலாக எடுத்துக்கொண்டால் கணக்கு எங்கோ போய்விடும்.

வேறுபடுத்துவது கடினமல்ல. வானிலிருந்து விழுந்தது மேடு பள்ளம் பாராமல் போர்வை போல ஒரே கனத்தில் மூடியிருக்கும். தரையை ஒட்டிச் சீறி வந்த சாம்பல் மேகம் பள்ளத்தில் தடித்து மேட்டில் மெலியும். உள்ளே சாய்வான குறுக்கு வரிகள் தெரியும். நீர் அடித்துவந்ததில் துகளின் முனைகள் மழுங்கியிருக்கும், நடுநடுவே மண்ணுருண்டையும் உருண்ட கூழாங்கல்லும் கிடக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி ஒன்று சட்டைப்பையில் இருந்தால் போதும். பத்து மீட்டர் தள்ளி இன்னொரு முகம் எடுத்துப் பார்க்காமல் எந்த அடுக்குக்கும் பெயர் வைக்காதீர்கள்.

இந்தத் தீவுக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. மேற்குச் சரிவில், மாயிதோ போகும் வழி உயரங்களில், மண்ணின் மேற்பகுதியில் வெளிறிய சாம்பல்நிற மாவு போன்ற ஓர் அடுக்கு வரும். முதல் தடவை பார்ப்பவர் எவரும் இது எரிமலைச் சாம்பல் என்று அடித்துச் சொல்வார். அல்ல. அதற்கு மஸ்கரேஞைட் என்று பெயர். நம் மலைகளின் கலுமே மூங்கில் தன் இலையிலும் தண்டிலும் சேர்த்து வைக்கும் சிலிக்கா, செடி எரிந்தும் மட்கியும் போன பின் மண்ணில் தங்கிக் குவிந்தது அது. சோதனை எளிது. ஒரு சிட்டிகையை நீரில் கலக்கி, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். எரிமலைக் கண்ணாடியாக, அதாவது சட்டென்று குளிர்ந்து உறைந்த குழம்பாக இருந்தால் உடைந்த குமிழிச் சுவர், கூரிய முனை, வளைந்த சில்லு தெரியும். செடிச் சிலிக்காவாக இருந்தால் கோலும் சேணமும் போன்ற, ஒரே அச்சில் வார்த்த உருவங்கள் திரும்பத் திரும்ப வரும். தவிர, நம் மலையின் பசால்ட் (கருநிறக் குழம்புப் பாறை) சாம்பல் வெள்ளையாக இருக்காது. புதிதாயின் கருப்பு, சிதைந்தால் பழுப்பு அல்லது ஆரஞ்சு. வெளிறிய சாம்பல் கிடைத்தால் அது செடியிலிருந்து வந்ததா, தீவின் மற்றொரு, அடங்கிப்போன எரிமலையான பித்தோன் தெ நேஜின் பழைய வெடிப்புகளைச் சேர்ந்த நுரைக்கல்லா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

சிதைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த மண்ணில் பசால்ட் கண்ணாடி விரைவாக அலோஃபேன் என்ற களிப்பொருளாகிவிடும். கையில் பிசைந்தால் முதலில் கட்டியாகத் தோன்றிச் சட்டென்று வழுவழுவென்று நெகிழும். சந்தேகம் தீர வேண்டுமானால் ஃபினால்ப்தலீன் தோய்த்த வடிதாளில் கொஞ்சம் மண்ணை வைத்து ஒரு மோலார் சோடியம் ஃபுளோரைடு கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். தாள் சில நிமிடத்துக்குள் ஆழ்ந்த இளஞ்சிவப்பானால் அலோஃபேன் இருக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தாலும் தாள் நிறம் மாறும் என்பதால் சிமெண்ட் விழுந்த இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம். சோடியம் ஃபுளோரைடு நஞ்சு. கையுறை கட்டாயம், மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. இன்னொன்று: இந்த மண்ணை அடுப்பில் காயவைத்தால் மறுபடி நனையாத கட்டியாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் துகள் பிரியாது. வயல் ஈரத்தோடே பையைக் கட்டி நிழலில் வையுங்கள்.

ஆய்வகத்தில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதிரியை நீரில் கலக்கி, 63 மைக்ரான் சல்லடையில் களியைக் கழுவி வெளியேற்றி, தேறிய துகளில் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி, பிசினில் பதித்து மெருகேற்றி, எலக்ட்ரான் கற்றையால் வேதிப்பொருள்களை அளக்கும் மைக்ரோபுரோப் கருவியில் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக அளப்பார்கள். ஓர் அடுக்குக்கு 20, 30 சில்லாவது வேண்டும். கற்றையைக் குவித்து அடித்தால் சோடியம் ஓடிவிடும், சோடியத்தின் அளவு குறைவாக வரும். ஆகவே கற்றையை 5 முதல் 10 மைக்ரானாக அகற்றி, சோடியத்தை முதலில் அளப்பது வழக்கம். கரிமத்தை நீக்கச் சூடான அமிலம் பயன்படுத்தினால் பசால்ட் கண்ணாடியே கரையத் தொடங்கும். தோபா போன்ற ரயோலைட் (சிலிக்கா மிகுந்த) சாம்பலுக்கு எழுதிய செய்முறையை இங்கே அப்படியே கடன் வாங்கியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். கனநீர்மத்தில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் முறையும் அப்படியே. ரயோலைட் கண்ணாடி 2.3, 2.4 அடர்த்தியில் அழகாக மிதந்து வரும். பசால்ட் கண்ணாடி 2.7-க்கு மேல் என்பதால் ஃபெல்ஸ்பார் கனிமத்தோடு சேர்ந்து மூழ்கிவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் ஃபூர்னேஸில் ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கும். வேறு பல எரிமலைகளில் ஒவ்வொரு வெடிப்புக்கும் வேதியியல் கைரேகை வேறு. நம் மலையின் பசால்ட் நூற்றாண்டுக் கணக்கில் ஏறத்தாழ ஒரே வேதிச் சேர்மானத்தில் வருகிறது, மக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் 6, 7 சதவீதத்தைச் சுற்றியே நிற்கும். நடுவில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த ஓஷனைட் பாறை வரும்போது மட்டும்தான் பளிச்சென்று அடையாளம் கிடைக்கும். ஆகவே இரண்டு ஊர்களில் கிடைத்த இரண்டு அடுக்குகளின் சேர்மானம் ஒன்றாக இருக்கிறது, ஆகையால் ஒரே வெடிப்பு என்று இங்கே முடிவுகட்ட முடியாது. சேர்மானம் வேறானால் வேறு வெடிப்பாக இருக்கக்கூடும் என்று சொல்லலாம். ஒன்றானால் எதுவும் சொல்ல முடியாது. ஒப்பிட வேண்டியது அடுக்கின் வரிசை, துகளின் உருவம், நடுவிலுள்ள மண், தேதி ஆகிய நான்கும் சேர்ந்தே.

தேதிக்குக் கரிதான் கைகொடுக்கும். சாம்பலின் அடியில் எரிந்து கிடக்கும் சுள்ளி, புதர்க்கிளை போன்றவற்றை எடுங்கள். பெரிய மரத்தின் நடுத்தண்டுக் கரி வேண்டாம். மரம் எரிந்த ஆண்டுக்குப் பதிலாக அதன் உட்சதை வளர்ந்த காலத்தைத்தான் அது காட்டும், நூறு இருநூறு ஆண்டு பிசகும். பிற்காலத்தில் மேலிருந்து இறங்கிய வேர் எரிந்து கரியானால் நேர்மாறாக, வயது குறைவாக வரும். எரிமலைத் துளைகளின் அருகே வளர்ந்த செடி அங்கே கசியும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சியிருந்தால் உண்மையைவிடக் கிழமாகத் தெரியும். கரியைக் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் சுற்றுங்கள். கிடைத்த கார்பன்-14 வயதை நாள்காட்டி ஆண்டாக மாற்றும்போது நாம் இருப்பது தென் அரைக்கோளம் என்பதை மறக்கக் கூடாது. அதற்குரிய திருத்தக்கோடு ஷ்கால்20 (SHCal20). வட அரைக்கோளத்துக் கோட்டைப் பயன்படுத்தினால் சில பத்தாண்டுகள் பிசகும். ஓர் அடுக்கின் வயதைக் கட்ட அடியிலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு தேதிகள் வேண்டும். ஒற்றைத் தேதியை வைத்துக்கொண்டு ஆண்டு சொல்லும் கட்டுரைகளை நம்பாதீர்கள்.

வெடிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் இடத்துக் கனம் பதில் சொல்லாது. பல இடங்களில் அளந்து, ஒரே கனமுள்ள இடங்களை இணைக்கும் சமகனக் கோடு வரைந்து, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை கனம் பாதியாகிறது என்று பார்க்க வேண்டும். உதாரணக் கணக்கு: 2 கி.மீ. தொலைவில் 80 செ.மீ., 4-இல் 40, 6-இல் 20 என்றால் பாதித்தொலைவு 2 கி.மீ., மையத்தில் கனம் 1.6 மீட்டர். கன அளவு, 13.08 பெருக்கல் மையக்கனம் பெருக்கல் பாதித்தொலைவின் வர்க்கம். கிலோமீட்டரில் போட்டால் 0.084 கன கி.மீ. பாதித்தொலைவை 2-க்குப் பதில் 2.5 என்று எடுத்தால் விடை 0.131. அரைக் கிலோமீட்டர் பிசகுக்கு ஒன்றரை மடங்கு! மழை சேர்த்த பள்ளத்து அளவு ஒன்றே ஒன்று உள்ளே நுழைந்தாலும் இது நடக்கும். பிறகு, படிவு தளர்வானது; கன மீட்டருக்கு 1,000 கிலோ இருக்கலாம், திடப்பாறை 2,700. எனவே 0.084 என்பது திடக்கணக்கில் 0.031-தான். நீர் வெடிப்பாக இருந்தால் அதிலும் பெரும்பகுதி மலையின் பழம்பாறை நொறுங்கியதாகவே இருக்கும். புதுக் குழம்பின் பங்கு எவ்வளவு என்று 500 துகளையாவது எண்ணிப் பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது.

காற்றும் கணக்கில் சேரும். தாழ்வாக வீசுவது தென்கிழக்குக் காற்று. சில கிலோமீட்டர் மேலே போனால் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். குட்டையான சாம்பல் தூண் பிளேன் தெ காஃப்ர் பக்கம் சாயும், உயரமான தூண் கிழக்கே கடல் பக்கம். கிழக்கிலோ மழை அதிகம், புதுக் குழம்பும் அதிகம். அங்கே அடுக்கு இல்லை என்பதை உயர்ந்த வெடிப்பே நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டக் கூடாது. மெல்லிய அடுக்கைச் சிறு நிகழ்வென்று தள்ளவும் கூடாது. 2007 ஏப்ரலில் மலையுச்சியிலுள்ள தொலொமியு பள்ளத்தின் தரை 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கியது. அவ்வளவு பெரிய இடிவு தீவில் விட்டுச்சென்ற சாம்பல் மிகச் சொற்பம். மூவாயிரம் ஆண்டு கழித்து மண் தோண்டுபவர் அதைக் கவனிக்காமலே கடந்துவிடலாம்.

ஆகவே உங்கள் வாசகர்களிடம், குறிப்பாக மேட்டுப்பகுதிகளில் கட்டட வேலையும் பண்ணை வேலையும் பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசியப் பூங்காவின் மையப்பகுதியில் அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணும் எடுக்காதீர்கள். சொந்த நிலத்தில் குழி வெட்டினால், மூடுவதற்கு முன் ஒரு பக்கச்சுவரை ஓர் அடி அகலத்துக்குச் சுரண்டிப் படம் எடுங்கள். நிழலில் எடுங்கள், வெயில் பாதி நிழல் பாதி விழுந்தால் அடுக்குகள் தெரியாது. இடத்தின் ஆயத்தொலைவும் தேதியும் குறித்து பூர்-முராவிலுள்ள எரிமலை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அளவுகோல் இல்லாத படத்தால் எந்தப் பயனும் இல்லை. அளவு நாடா கையில் இல்லாவிட்டால் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்து, அதன் பிடி எத்தனை சென்டிமீட்டர் என்று படத்தோடு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எரிமலைப் படிவுகளை ஆராயும் வாசகர்,
லெ தாம்போன், ரீயூனியன்